உலோகத்தைச் சோடாவால் தூய்மை செய்தல்

உலோகத்தைச் சோடாவால் தூய்மை செய்தல் என்பது, சோடியச் சேர்மங்களான சமையல் சோடா, சலவைச் சோடா, எரிசோடா ஆகியவற்றைத் தூளாகவோ கரைசலாகவோ பயன்படுத்தி, உலோகப் பரப்பில் ஏறியுள்ள பழைய வண்ணம், தார், புகைக்கரி, களிம்பு முதலியவற்றை நீக்கும் முறைகளுக்கான பொதுப்பெயர். இவற்றுள் அழுத்தக் காற்றுடன் சமையல் சோடாத் தூளைப் பீய்ச்சி அடிக்கும் முறை ‘சோடாத் தூள் வீச்சு’ எனப்படுகிறது. அமெரிக்காவில் பழைய அலுமினியப் பயண இழுவண்டிகளைப் புதுப்பிப்பவர்களிடையே இது பெயர் பெற்றது. இழுவண்டி என்பது கார் இழுத்துச் செல்லும், உள்ளே வீடு போல் அமைந்த வண்டி. படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் ‘கேரவன்’ இதன் உறவினர் எனலாம்.

தமிழ்நாட்டில் இத்தகைய வண்டிகள் அரிது. ஆனால், ஆக்சிஜனேறிய உலோகத்தைச் சோடாவின் துணையுடன் மீட்கும் வேலை இங்கே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதன் மையம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்குள்ள உலோகப் பொருள்களில் மிகப் புகழ்பெற்ற இரண்டு, திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த திருவாலங்காட்டிலிருந்து வந்தவை. ஒன்று ஊர்த்துவ தாண்டவத் தலத்திலிருந்து கிடைத்த நடராசர் படிமம். மற்றொன்று முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதி. இவற்றைப் போன்ற பொருள்களில் எதைத் துடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நடுப்பொருள்.

மூன்று சோடாக்கள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘சோடா’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆப்பத்துக்கும் போண்டாவுக்கும் சிட்டிகையளவு போடும் சமையல் சோடா, சோடியம் பைகார்பனேட் ஆகும். இது மிக மெல்லிய காரம். இதன் கரைசலின் பி.எச். அளவு 8.3 ஒட்டி நிற்கும். துணி வெளுக்கப் பயன்படும் சலவைச் சோடா, சோடியம் கார்பனேட். இதன் பி.எச். 11-ஐத் தாண்டும். வண்ணார்கள் முற்காலத்தில் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண்ணின் ஆற்றலும் இதனால் வந்ததே. மூன்றாவதான எரிசோடா, சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்புத் தொழிற்சாலையில் எண்ணெயுடன் சேர்ப்பது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி ஆய்வுக்கூடம் இல்லாமலே காணலாம். மஞ்சள் குழைத்துத் தடவி உலர்த்திய தாளைச் சலவைச் சோடா நீரில் நனைத்தால் சட்டெனச் சிவக்கும். சமையல் சோடா நீரில் நிறம் மெல்லவே மாறும். இந்த வேறுபாடு உலோகத்துக்கு மிக முக்கியம். அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடாவைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தால் உட்புறம் கறுத்துவிடும். உலோகமே சிறிது சிறிதாகக் கரையும். சமையல் சோடா அந்த அளவுக்குக் கடிப்பதில்லை. ஆனால், சமையல் சோடாவைச் சூடாக்கினால், சுமார் 50 டிகிரி செல்சியசுக்கு மேல் அது மெல்லச் சிதைந்து, நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் விட்டுவிட்டுச் சலவைச் சோடாவாக மாறத் தொடங்கும். நல்ல வெயிலில் நிற்கும் உலோகத் தகடு இந்தச் சூட்டை எளிதில் எட்டும். எனவே, ‘சமையல் சோடா தானே’ என்று கழுவாமல் விடுவது பிழை.

களிம்பு என்பது என்ன?

செம்பும் அதன் கலவைகளும் காற்றிலும் மண்ணிலும் இருக்கும்போது மேலே ஏறும் பச்சைப் படிவுக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பையே உவமையாகச் சொல்வர். செம்பு உள்ளபோதே களிம்பும் உடன் உள்ளது என்பது அவ்வுவமையின் கருத்து. வேதியியல் நோக்கில் களிம்பு வெளியிலிருந்து வரும் ஆக்சிஜன், ஈரம், கரியமில வாயு, உப்பு ஆகியவற்றால் உண்டாவது. ஆயினும் செம்பிடம் அந்த இயல்பு எப்போதும் உள்ளது என்ற அளவில் உவமை பொருந்தவே செய்கிறது.

களிம்பு ஒரே பொருளன்று, அடுக்கடுக்கானது. உலோகத்தை ஒட்டிக் குப்ரைட் என்னும் சிவந்த ஆக்சைடு இருக்கும். அதன்மேல் மாலகைட் போன்ற பச்சைக் கார்பனேட்டுகள் படியும். இந்த இரண்டும் பெரும்பாலும் அமைதியானவை. கெட்டியாகப் படிந்துவிட்டால், உள்ளே உள்ள உலோகத்துக்குப் போர்வை போல் காவலாக நிற்கும். ஆபத்து மூன்றாவது வகையில் உள்ளது. மண்ணிலோ கடற்காற்றிலோ உள்ள குளோரைடு உப்பு உட்புகுந்தால், ஆக்சைடு அடுக்கின் அடியில் நான்டோகைட் என்னும் குப்ரஸ் குளோரைடு உருவாகிறது. பொருளை வெளியே எடுத்ததும் அது காற்றின் ஈரத்துடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து, வெளிர்பச்சைப் பொடியாக வெடித்துக் கிளம்பும். அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று, மீண்டும் குளோரைடைத் தோற்றுவிக்கிறது. இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. அருங்காட்சியகத் துறையில் இதற்கு ‘வெண்கல நோய்’ என்று பெயர். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் நிலைத்திருந்த படிமம், வெளியே வந்த சில மழைக்காலங்களில் பொரிந்து போவதற்கு இதுவே காரணம்.

பார்வைக்கு இரண்டும் பச்சைதான். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி நோயின் அடையாளம். உதிராத, வழவழப்பான கரும்பச்சை காவலின் அடையாளம். தூய்மை செய்ய முனைபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

மற்றொரு நுட்பமும் உண்டு. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெண்கலத்தில், சிற்பி உளியால் செதுக்கிய பழைய மேற்பரப்பு உலோகத்தில் இருப்பதில்லை. உலோகத்தின் மேல்தோல் களிம்பாக மாறிவிட்டிருக்கும். அந்தக் களிம்பு அடுக்குகளுக்கு இடையேதான் பழைய பரப்பின் வடிவம் பதிந்து நிற்கும். ஆகவே, பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டினால், கிடைப்பது சிற்பி விட்டுச்சென்ற பரப்பன்று. அதற்கு அடியில் உள்ள, அரிக்கப்பட்ட வேறொரு பரப்பு.

திருவாலங்காட்டுப் பொருள்கள்

திருவாலங்காடு, சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் அரக்கோணத்துக்கு முன்னால் வரும் சிறிய ஊர். இங்குள்ள வடாரண்யேசுவரர் கோயில், நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. காளியுடன் நடந்த ஆடற்போட்டியில் இறைவன் காலை மேலே தூக்கி ஆடிய இடம் என்பது தலபுராணம். காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த தலமும் இதுவே.

1905-ஆம் ஆண்டில் இவ்வூரில் வெளிப்பட்ட செப்பேடுகள் மொத்தம் 31. புலி, இரட்டைக் கயல், வில் ஆகியவை பொறித்த சோழர் முத்திரையுடன் கூடிய வளையத்தில் இவை கோக்கப்பட்டிருந்தன. முதல் 10 ஏடுகளில் சமஸ்கிருதமும், அடுத்த 21 ஏடுகளில் தமிழும் உள்ளன. முதலாம் இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்த செய்தியை இவை கூறுகின்றன. நீலி கதை வழங்கும் அதே பழையனூர்தான். சோழர் குல மரபையும், இராசேந்திரனின் படையெடுப்புகளையும் அறிய வரலாற்றாசிரியர்கள் முதலில் நாடும் சான்றுகளில் இத்தொகுதியும் ஒன்று. எச். கிருஷ்ண சாஸ்திரி இதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார்.

இந்த ஏடுகளின் மதிப்பு முழுவதும் எழுத்தின் வெட்டில் இருக்கிறது. ஒரு புள்ளி, ஒரு கொம்பு, ஒரு சுழி தேய்ந்தால் ஊர்ப்பெயரே மாறிவிடும். நிலத்தின் எல்லைகளை வரிக்கு வரி விவரிக்கும் இத்தகைய ஆவணத்தில் இது சிறிய இழப்பன்று. செம்பின் கடினம் மோஸ் அளவுகோலில் 3 தான். செங்கல் பொடியோ மணலோ அதைவிட மிகக் கடினம். அவற்றால் தேய்த்தால் களிம்போடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். எழுத்தின் உட்குழியில் மட்டும் அழுக்கு மிஞ்சும்.

நடராசர் படிமத்தின் நிலை இதைவிடச் சற்று வேறு. அதில் விரிசடையும் திருவாசியும் இன்று இல்லை. எனினும் உடலின் நெகிழ்வும், அணிகலன்களின் நுண்ணிய செதுக்கலும் நிற்கின்றன. பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரொதேன் இதன் புகைப்படங்களைப் பார்த்து எழுதிய கட்டுரை 1921-இல் அச்சாகி, உலகக் கலை வட்டாரத்தில் இப்படிமத்தை அறியச் செய்தது. புகைப்படத்தில் ஒரு சிற்பியைக் கவர்ந்தது மேற்பரப்பின்மேல் ஒளி நகரும் விதம். பளபளவென்று மெருகிட்ட பரப்பில் ஒளி கண்ணாடிபோல் திரும்பி அடிக்கும். மெல்லிய படிவு உள்ள பரப்பிலோ ஒளி பரவி, உருவத்தின் திரட்சி தெரியும்.

எழும்பூரில் நடந்த மின்முறை

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் கிடைத்த படிமங்கள், புதையல் சட்டத்தின்படி அங்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் பல, களிம்பும் மண்ணும் இறுகி உருத் தெரியாமல் இருந்தன. வெண்கல நோயும் பரவியது. இதற்காக 1930-இல் அங்கே வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. இந்திய அருங்காட்சியகங்களில் இத்தகைய முயற்சிக்கு முன்னோடி அது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், மின்னாற்பகுப்பு முறையில் வெண்கலப் படிமங்களைத் தூய்மை செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களின் நுட்பத்தை ஆராய்ந்தவரும் அவரே.

இம்முறையின் அடிப்படை எளிது. எரிசோடா அல்லது சலவைச் சோடாவின் நீர்த்த கரைசல் நிரம்பிய தொட்டியில் படிமத்தைத் தொங்கவிட்டு, அதை மின்கலத்தின் எதிர்முனையுடன் இணைப்பர். சுற்றிலும் இரும்புத் தகடு நேர்முனையாக நிற்கும். மின்சாரம் பாயும்போது படிமத்தின் பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் தோன்றும். களிம்பு ஆக்சிஜன் இழந்து தளர்ந்து, மென்மையான தூரிகைக்கே உதிரும் நிலைக்கு வரும். உள்ளே பதுங்கிய குளோரைடு நேர்முனையை நோக்கி வெளியேறும். இங்கே சோடா செய்வது சுரண்டும் வேலை அன்று. மின்சாரத்துக்கு வழிவிடும் வேலை. பிறகு பல நாள்கள் காய்ச்சி வடித்த நீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, நீரில் குளோரைடு மிச்சமில்லை என்று வெள்ளி நைட்ரேட் சோதனையால் உறுதி செய்வர். ஒரு துளி விட்டதும் நீர் பால்போல் வெளுத்தால், இன்னும் உப்பு உள்ளது என்று பொருள்.

தென்னாட்டுப் படிமங்கள் பெரும்பாலும் கனவார்ப்பு. உள்ளே கூடு இல்லாமல் முழு உலோகமாக வார்க்கப்பட்டவை. ஆதலால் மேலே எவ்வளவு அரித்திருந்தாலும் நடுவில் திடமான உலோகம் இருக்கும். மின்முறை அவற்றுக்குப் பொருந்தியதற்கு இது பெரும் துணை. மெல்லிய தகட்டுப் பொருள், முற்றிலும் களிம்பாக மாறிவிட்ட நாணயம் போன்றவற்றை அதே தொட்டியில் இட்டால் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. நோயோடு சேர்த்து நல்ல படிவையும் அது எடுத்துவிடுகிறது. மேலே சொன்ன ‘பழைய பரப்பு’ களிம்பில் பதிந்திருந்தால் அதுவும் போகும். எனவே பிற்காலப் பாதுகாப்பாளர்கள், நுண்ணோக்கியின்கீழ் சிறு கத்தியாலும் ஊசியாலும் வேண்டாத அடுக்கை மட்டும் எடுப்பதையே விரும்பினர். ஆனால், அன்றைய நிலையில் எழும்பூர் ஆய்வுக்கூடம் எதிர்கொண்டது வேறு கேள்வி. படிமம் பொடியாகப் போவதா, அல்லது நிறம் இழந்தாவது நிலைப்பதா என்பதே அது. அந்தத் தேர்வை இன்றைய வசதிகளை வைத்து எடைபோடுவது முறையன்று.

கரைசலில் ஊறவைக்கும் மற்றொரு வழி, சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் சேர்ந்த சோடியம் செஸ்குவிகார்பனேட்டைப் பயன்படுத்துவது. சுமார் 5 விழுக்காட்டுக் கரைசலில் பொருளை இட்டு, கரைசலை அவ்வப்போது மாற்றி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைத்திருப்பர். மெதுவாகக் குளோரைடு வெளியேறும். ஆனால் நெடுநாள் ஊறும்போது சோடா, செம்புடன் சேர்ந்து சால்கோனாட்ரோனைட் என்னும் நீலப்பச்சைப் படிகத்தை உண்டாக்குவதும் உண்டு. மருந்தே புதிய கறையாகும் இந்தச் செய்தி, கீழே வரும் ஒரு நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள உதவும்.

சோடாத் தூள் வீச்சு

இம்முறையில் நீர்த்தொட்டியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அழுத்தக் காற்றில் சமையல் சோடாத் துகள்களைக் கலந்து, குழல்வாய் வழியாக வேகமாகப் பரப்பின்மேல் வீசுவர். மோஸ் அளவுகோலில் சமையல் சோடாவின் கடினம் 2.5. அதாவது கை நகத்தின் அளவு. அலுமினியம் 2.75, செம்பு 3, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. மணல் துகள் மோதினால் உலோகத்தைக் குடையும். சோடாத் துகளோ மோதிய கணத்தில் தானே சுக்குநூறாக உடையும். உடையும்போது வெளிப்படும் ஆற்றல், எளிதில் நொறுங்கும் மேல்பூச்சைப் பெயர்த்தெடுக்கப் போதும். அடியில் உள்ள உலோகம் பெரும்பாலும் தப்பிவிடும். கண்ணாடி, ரப்பர், குரோமியப் பூச்சு ஆகியவற்றுக்கு அருகிலும் ஓரளவு அச்சமின்றிப் பயன்படுத்த முடிவது இதனால்தான்.

இம்முறை பலர் கவனத்துக்கு வந்தது நியூயார்க் துறைமுகத்திலுள்ள சுதந்திர தேவி சிலையின் பழுதுபார்ப்பில். 1986-இல் நூற்றாண்டு விழா கொண்டாடிய அச்சிலையின் தோல், ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் தடிமனே உள்ள செம்புத் தகடு. அதன் உட்புறத்தில் பல அடுக்கு வண்ணமும், அதன் கீழே கெட்டியான தார்ப்பூச்சும் இருந்தன. வண்ண அடுக்குகளைத் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரால் உரித்தனர். தார் அதற்கு மசியவில்லை. கடினமான துகள்களை வீசினால் மெல்லிய செம்பு தேயும் என்பதால், சமையல் சோடாத் தூளை வீசித் தாரை நீக்கினர். வேலை நன்றாக நடந்தது. ஆனால் தகடுகளின் இணைப்பு இடைவெளிகள் வழியாகச் சோடாத் தூள் வெளியே கசிந்து, வெளிப்புறத்தின் பச்சைப் படிவை ஆங்காங்கே நீலநிறமாக்கியது. பிறகு வெளியே நீர் பாய்ச்சிக் கழுவிக்கொண்டே உள்ளே வேலை செய்ய வேண்டியதாயிற்று. சோடா உலோகத்தைத் தேய்க்காவிட்டாலும் களிம்போடு வேதியியல் முறையில் வினைபுரியும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இக்காரணத்தால், களிம்பே மதிப்பாக உள்ள பழம்படிமங்களின்மேல் சோடாத் தூள் வீசுவது ஏற்கத்தக்கதன்று. செப்பேட்டின் நிலையும் அதுவே.

அலுமினிய வண்டிகளும் ஆக்சைடும்

அலுமினியத்தில் ஆக்சைடு நடந்துகொள்ளும் விதம் வேறு. காற்றுப் பட்டவுடனேயே அலுமினியத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் உருவாகிவிடும். மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தக் கல்வகை அலுமினியம் ஆக்சைடுதான். அதன் கடினம் 9. இத்தகைய பொருளின் மெல்லிய படலம் மேலே இருப்பதால்தான் அலுமினியப் பாத்திரம் மட்கிப் போவதில்லை. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தபோது, செம்பு பித்தளைப் பாத்திரங்களைப் போல் ஈயம் பூசத் தேவையில்லை என்பது புதிய உலோகத்தின் பெரிய வசதியாக இருந்தது.

அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் போன்ற பழைய இழுவண்டிகளின் உடல், ஆணி அறைந்து இணைத்த அலுமினியத் தகட்டால் ஆனது. இத்தகடுகளில் வலிமையான அலுமினியக் கலவையின் இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய உறை இருக்கும். விமானத் தொழிலிலிருந்து வந்த நுட்பம் இது. கலவை வலிமை தரும், உறை அரிப்பைத் தடுக்கும். மேலே பூசிய நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு வெயிலில் உரிந்தபின் தகடு மங்கி, வெண்பொடி பூத்து, ஓரங்களில் புழு ஊர்ந்ததுபோல் அரிப்புக் கோடுகள் தோன்றும்.

இங்கே சோடா வீச்சு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பிரித்தறிய வேண்டும். உரிந்த பூச்சு, பழைய வண்ணம், எண்ணெய்ப் பிசுக்கு, பொலபொலவென்ற வெண்பொடி ஆகியவற்றை அது நன்றாக நீக்கும். இறுகப் பற்றிய கடின ஆக்சைடை 2.5 கடினமுள்ள தூளால் வெட்ட முடியாது. வீச்சுக்குப்பின் தகடு மங்கிய வெள்ளிநிறமாகவே இருக்கும். கண்ணாடிபோல் மின்ன வேண்டுமானால் மெருகுப் பசையும் சுழலும் துணிச்சக்கரமும் வேண்டும். அதையும் அளவு மீறிச் செய்தால் தூய அலுமினிய உறை தேய்ந்து, அரிப்புக்கு இடமளிக்கும் கலவை வெளிப்படும். வண்டியின் அடிச்சட்டம் எஃகாலானது. அதில் தடித்த துரு இருந்தால் சோடா வீச்சால் பெரிய பயன் இல்லை. புதிய வண்ணம் பற்றிக்கொள்ளத் தேவையான சொரசொரப்பையும் அது தராது. ‘சோடா எல்லாத் துருவையும் எடுக்கும்’ என்று விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே ஏற்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அலுமினியத் தகடு வேய்ந்த பழைய பேருந்துக் கூடுகள், வேன்கள் ஆகியவற்றைப் புதுப்பிக்கும் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

முதல் தடை காற்று. சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கடையிலுள்ள சிறிய கம்ப்ரசரில் அழுத்தம் போதுமானதாக இருக்கலாம். ஆனால் இடைவிடாமல் வீசத் தேவையான காற்றின் அளவு கிடைக்காது. மெல்லிய தகட்டுக்கு அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, மூலையில் ஓரிடத்தில் சோதித்தபின் தேவைக்கேற்ப உயர்த்த வேண்டும். குழல்வாயை நேராக ஒரே இடத்தில் நிறுத்தினால் சோடாவாலும் மெல்லிய தகடு நெளியக்கூடும். சாய்வாகப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது தடை ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சமையல் சோடா கட்டிபிடித்துக் குழாயை அடைக்கும். காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகலம் இல்லாமல் இவ்வேலை நடக்காது. மளிகைக் கடைத் தூள் மிக நுண்மையானது. வீச்சுக்கெனத் தயாரிக்கப்படும் தூள் பருமனாகவும், கட்டிபிடிக்காமல் ஓடும் சேர்க்கையுடனும் இருக்கும்.

பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். சோடா நஞ்சற்றதாயினும், அதோடு சேர்ந்து பறக்கும் வண்ணத் தூள் அப்படியன்று. முகத்தை முழுதும் மூடும் சுவாசக் கவசம், கண்ணாடி, கையுறை இன்றி இதில் இறங்கக்கூடாது. வீசிய தூள் மண்ணில் குவிந்தால் சோடியம் மிகுந்து செடிகொடிகள் பட்டுப்போகும். தரையில் தார்ப்பாய் விரித்து, தூளைக் கூட்டி அள்ளிவிடுவது நல்லது.

கடைசி வேலை கழுவுதல். இதையே பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஆணித் தலைகள், தகட்டு மடிப்புகள், இடுக்குகள் ஆகியவற்றில் தங்கும் சோடாவின்மேல் பூசிய வண்ணம் சில மாதங்களில் கொப்பளிக்கும். எஃகில் கழுவாத சோடா சிலநாள் துருவைத் தடுப்பதும் உண்மைதான். அதனால் கழுவுவதைத் தள்ளிப்போடுவர். ஆனால் வண்ணம் பூசுமுன் நன்னீரால் கழுவி, முழுமையாக உலர்த்தியே ஆக வேண்டும். சிவப்பு லிட்மஸ் தாளை ஈரப்பரப்பில் ஒற்றினால் நீலமாக மாறாதிருப்பது, காரம் போய்விட்டதற்கு எளிய சான்று.

மணல் வீச்சோடு குழப்பிக்கொள்ளல்

தமிழ்நாட்டில் ‘வீச்சு’ என்றதும் தொல்லியல் ஆர்வலர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. திருப்பணியின்போது கோயில் கருங்கல் சுவர்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்க, பல இடங்களில் மணல் வீச்சு நடந்தது. கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின, சிற்பங்களின் முகக்கூர்மை போயிற்று. கடும் எதிர்ப்பும் எழுந்தது. மணல் தூளை நெடுநாள் சுவாசிக்கும் தொழிலாளிக்குச் சிலிக்கா நுரையீரல் நோய் வருவது தனிக் கொடுமை. சோடா வீச்சில் இந்த இரண்டு கேடுகளும் குறைவு. ஆயினும் கல்லின் நுண்துளைக்குள் புகும் சோடா உப்பு, பிறகு படிகமாகிக் கல்லின் மேல்தோலை உதிர்க்கக்கூடும். எனவே மணலுக்குப் பதில் சோடா என்று கோயில் சுவருக்கு மாற்றிவிடுவதும் தீர்வாகாது.

வீட்டிலும் நிலத்திலும்

அன்றாடம் ஏற்றும் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் துலக்குவது நெடுங்கால வழக்கம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைத்துவிடும். புழங்கும் பொருளுக்கு இதில் தவறில்லை, நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். எலுமிச்சையோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பது மட்டும் நல்லதன்று. உப்பின் குளோரைடு இடுக்கில் தங்கினால் களிம்பு முன்னைவிட விரைவில் ஏறும். துலக்கியபின் ஒரு பிடி சமையல் சோடா கலந்த நீரில் அலசினால் மிஞ்சிய அமிலம் அடங்கும். பிறகு நன்னீர்.

பழைய படிமம் வீட்டில் இருந்தால், உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் அதை ஈரமில்லாத இடத்தில் தனியே வைத்து, அருங்காட்சியகத்தின் வேதியியல் பிரிவை அணுகுவது ஏற்றது. காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வெண்கல நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் இயற்கையாக அந்த வறட்சி கிடைப்பது அரிது. அதனால் அருங்காட்சியகங்கள் மூடிய பேழையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைக்கின்றன. பென்சோட்ரையசோல் என்னும் சேர்மத்தில் நனைத்து, மேலே நிறமற்ற பூச்சு இடும் முறை 1960-களின் பிற்பகுதியிலிருந்து வழக்கில் உள்ளது. அச்சேர்மம் நச்சுத்தன்மை உடையது. ஆகவே வீட்டில் செய்ய வேண்டியதன்று.

நிலத்தில் உழும்போது படிமமோ செப்பேடோ கிடைத்தால் நிலைமை முற்றிலும் வேறு. பொன்னா, பித்தளையா என்று பார்க்கப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்ப்பது பல ஊர்களில் நடக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் எழுத்தும் பழைய பரப்பும் போய்விடுகின்றன. உடன் ஒட்டியிருக்கும் மண்ணே அப்பொருள் எங்கே, எப்படிப் புதைந்திருந்தது என்று சொல்லக்கூடிய சான்று. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி இத்தகைய கண்டெடுப்பை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் அது மேலே செல்லும். அதுவரை, ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டாமல், நீர் படாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாமல், பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி நிழலில் வைத்திருந்தால் போதுமானது.